பூந்தாதின் புறவுறையும் மலைநாட்டு வரலாறும்

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் சான்று தேடுவர். கல்வெட்டு, செப்பேடு, பழங்காசு, ஓலைச்சுவடி, வெளிநாட்டார் எழுதி வைத்த குறிப்பு ஆகியவை நமக்குப் பழக்கமான சான்றுகள். இவற்றைத் துணைக்கொண்டு தஞ்சைக்கும் மதுரைக்கும் பல நூற்றாண்டுகளின் வரலாற்றை ஓரளவு ஒழுங்காக எழுதிவிட இயலும். ஆனால், எழுதத் தெரிந்தவர் எவரும் காலடி வைப்பதற்கு முன்னர் ஒரு மலை எவ்வாறு இருந்தது, அங்கே காடு நிறைந்திருந்ததா, புல் படர்ந்திருந்ததா, மழை மிகுந்திருந்ததா என்று வினவினால் இச்சான்றுகள் யாவும் வாய்மூடி நிற்கும். அவ்வினாவுக்கு விடை பகரும் ஆவணம் ஒன்று உண்டு. பூவினின்று உதிரும் தூசியே அது. அத்தூசியின் மேல் இயற்கை போர்த்தி வைத்த உறையினாலேயே அது ஆவணமாயிற்று. அவ்வுறையைப் பற்றியும், பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை தமிழகத்தை ஒட்டிச் செல்லும் மலைகளின் பழமை குறித்து எழுந்த ஒரு வழக்கில் அது அளித்த சாட்சியத்தைப் பற்றியும் இங்கு ஆராய்வோம்.

முதற்கண் அவ்விடத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்வது நலம். கோயம்புத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் ரயில் வண்டி மலையேறாமலே கேரளத்துள் நுழைந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்பதே அதற்குக் காரணம். இதனையே பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடியும் அமைதிப் பள்ளத்தாக்கும் உள்ளன. அவற்றின் தோளோடு தோள் சேர்ந்து நீலகிரி மேட்டுநிலம் நிற்கிறது. கணவாய்க்குத் தெற்கே நெல்லியாம்பதி, பறம்பிக்குளம், ஆனைமலை என்று மலைகள் தொடர்கின்றன. அவற்றைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம், மூணாறு, மறையூர், வட்டவடை. அதற்குக் கிழக்கே பழனிமலை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இவ்வரிசையின் சிகரம்.

பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதிய கேரள மாநிலத்தில் சேர்ந்தன. இடுக்கி 1972-இல் தனி மாவட்டமாயிற்று. மனிதர் வகுத்த எல்லைகள் இங்ஙனம் மாறி வந்துள்ளன. நீரோ எல்லை பார்ப்பதில்லை. இடுக்கி மலைகளில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் கலந்து உடுமலைப்பேட்டை வயல்களை நனைக்கிறது. பவானி அட்டப்பாடி வழியே வளைந்து மீண்டும் தமிழகம் புகுகிறது. ஆகவே, இம்மலைகளின் மேற்பரப்பில் எது வளர்கிறது என்பது இருபுறத்து மக்களுக்கும் உரிய கவலையாகும்.

இம்மலைகளின் உச்சிக்கு முதன்முறை செல்வோர் ஒரு புதுமையைக் காண்பர். இரு சரிவுகள் கூடும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் அடர்ந்து, பாசி படர்ந்து, இருண்டு நிற்கும். அவற்றைச் சோலை என்று தமிழர் வழங்கினர். அறிவியலாரும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். மடிப்புகளுக்கு வெளியே, சரிவு முழுவதும் புல்லே பரந்திருக்கும். வரையாடு மேய்வது அப்புல்வெளியில். குறிஞ்சி பூப்பதும் அங்கேயே. சோலையும் புல்வெளியும் சந்திக்கும் இடத்தில் கத்தியால் வெட்டினாற்போன்ற கோடு தெரியும்.

இங்கேதான் வழக்குப் பிறந்தது. மரம் வளரக்கூடிய மழை பெய்யும் இடத்தில் புல் ஏன் இருக்கிறது? 1938-ஆம் ஆண்டில் இவ்வினா 'இந்தியன் பாரஸ்டர்' என்னும் வனவியல் இதழில் நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. சென்னை மாகாண வனத்துறையைச் சார்ந்த சி. ஆர். ரங்கநாதன், நீலகிரியை ஆராய்ந்து, புல்வெளி இயற்கையானதே என்றார். திறந்த சரிவில் குளிர்கால இரவுகளில் விழும் உறைபனி சோலை மரத்தின் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. ஆதலால் மரம் மடிப்பை விட்டு வெளியேற இயலவில்லை என்பது அவர் கொள்கை. தாவரவியல் அறிஞர் என். எல். போர் இதனை மறுத்தார். மலையெங்கும் ஒரு காலத்தில் சோலையே இருந்தது. மேய்ச்சலுக்காக மனிதர் வைத்த தீயும் அவர்தம் கால்நடையும் காட்டைத் தின்றமையால் எஞ்சியதே புல் என்பது அவர் வாதம்.

இது ஏட்டளவில் நின்ற சர்ச்சையன்று. போரின் கருத்தை ஒப்பினால் புல்வெளி என்பது கெட்டுப்போன காடு. கெட்டுப்போன இடத்தில் எந்த மரத்தை நட்டாலும் அது திருத்தமே ஆகும். ஐரோப்பியர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து யூக்கலிப்டஸையும் வாட்டில் மரத்தையும் நீலகிரிக்குக் கொணர்ந்திருந்தனர். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னாளில் ஆலைகளின் மரக்கூழுக்கும் இவை மேலும் மேலும் நடப்பட்டன. நட்டவர்கள் பலரும் நன்மை செய்வதாகவே எண்ணினர். வெறும் புல் கிடந்த இடத்தில் மரம் நடுவதை யார்தான் தீமை என்பர்? அந்தப் புல் எத்தனை காலமாக அங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல அப்போது சாட்சி இல்லை. சாட்சி மலைச் சேற்றில் கிடந்தது.

இனி அச்சாட்சியை அறிமுகம் செய்துகொள்வோம். மகரந்தம் என்னும் வடசொல்லால் இன்று நாம் குறிப்பதைப் பழந்தமிழர் தாது என்றனர். தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொன்ன குறிஞ்சிப்பாட்டை இயற்றிய கபிலர் வாழ்ந்த மொழியில் தாதுக்குச் சொல் இல்லாதிருக்குமா? ஆயினும் தாதின் உருவைக் காண நுண்பெருக்கி வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் கிடைப்பது ஒரு மைக்ரான். மகரந்த மணிகளுட் பெரும்பாலானவை 10 முதல் 100 மைக்ரான் அளவினவே. இங்கிலாந்தில் நெகெமையா குரூ என்பார் 1682-இல் வெளியிட்ட தாவர உடலமைப்பு நூலில், செடிக்குச் செடி இம்மணியின் வடிவம் மாறுபடுவதைக் குறித்துள்ளார்.

மணிக்கு இரண்டு உறைகள் உண்டு. உள்ளுறை மெல்லியது, பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸ் போன்ற பொருள்களால் ஆனது, விரைவில் மக்கிவிடும். புறவுறையோ தன்மையில் முற்றிலும் வேறு. அறிவியலார் அதனை எக்சைன் என்பர். முள், மேடு, வலைப்பின்னல், துளை, பிளவு என்று அதன்மேல் இயற்கை செதுக்கியிருக்கும் கோலங்கள் பல. இக்கோலம் பெரும்பாலும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். பல இடங்களில் இனத்துக்கு இனமும் வேறுபடும். புல்லின் மணி உருண்டையாய் ஒரே ஒரு துளையுடன் இருக்கும். யூக்கலிப்டஸின் மணி முக்கோண வடிவினது. வாட்டில் மரத்தில் 16 மணிகள் ஒன்றாய்ப் பிணைந்து ஒரே கட்டாக உதிரும். ரோடோடெண்ட்ரானில் நான்கு நான்காய்ச் சேர்ந்திருக்கும். பழகிய கண்ணுக்கு ஒரு மணியைக் கண்டவுடன் அதன் குலம் விளங்கிவிடும்.

பெரணி, பாசி முதலிய பூவாத் தாவரங்கள் சிதல் எனப்படும் நுண்துகளால் பெருகுகின்றன. சிதலின் புறவுறையும் இதே பொருளால் ஆனதே. கடலிலும் குளத்திலும் வாழ்ந்த தாவர குலம் நிலத்துக்கு ஏறிய காலத்தில், வெயிலும் வறட்சியும் உயிரணுவைக் கொன்றுவிடாதிருக்க இக்கவசம் துணைசெய்தது. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலேயே நிலத்தாவரச் சிதல்கள் கிடைத்துள்ளன. இலையும் தண்டும் வேரும் அழிந்துபோன பின்னும் உறை மட்டும் அழியாது நின்றமையால், நிலத்தில் தாவரம் கால்கொண்ட கதையின் முதல் ஏடுகளை அவ்வுறையிலேயே படிக்கிறோம்.

இப்பொருளுக்குப் பெயரிட்ட வரலாறும் சுவையானது. 1814-இல் ஜான் என்னும் ஜெர்மானிய வேதியியலார் மகரந்தத்தின் கரையாப் பகுதிக்குப் பொல்லெனின் என்று பெயரிட்டார். நூறாண்டுக்குப் பின் ஃபிரிட்ஸ் செட்ஷே என்பார் சிதலின் உறையை ஆராய்ந்து அதனை ஸ்போரொனின் என்றார். இரண்டும் ஒன்றே எனத் தெளிந்தபின் 1931-இல் இரு பெயரையும் இணைத்து ஸ்போரோபொல்லெனின் என வழங்கினார். பெயர் கிடைத்ததேயன்றி உள்ளமைப்பு எளிதில் புலப்படவில்லை. ஒரு பொருளின் கட்டமைப்பை அறிய வேண்டுமாயின் அதனைக் கரைத்துப் பிரித்தல் வேண்டும்; இதுவோ கரைய மறுத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், பைன் மரத்தின் மகரந்த உறையைக் கடிய அரைவைக்கு உட்படுத்திப் பிரித்து, அதன் மூலக்கூறுகள் எவ்வாறு குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்துள்ளன என்பதை 2018-ஆம் ஆண்டின் இறுதியில் விளக்கினர். கொழுப்பமில வகைச் சங்கிலிகள் இருவகைப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டுள்ளன; அமிலம் அறுக்கக்கூடிய பிணைப்பைக் காரம் அறுக்காது, காரம் அறுப்பதை அமிலம் அறுக்காது. உறையின் உறுதிக்கு இது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கவசம் என்றவுடன் எதற்கும் அசையாதது என்று கருதிவிடலாகாது. காற்றோட்டமுள்ள மண்ணில், உயிர்வளியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து இவ்வுறையையும் நாளடைவில் அரித்துவிடும். காற்றுப் புகாத ஈரச் சேற்றிலேயே அது பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும். மலைமேட்டின் சதுப்புகளில் செடிகொடிகள் முற்ற மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து கறுத்த சேறாகின்றன. இதனைப் பீட் என்பர். நிலக்கரியின் இளம்பருவம் என்று கொள்ளலாம். ஆண்டுதோறும் காற்றில் பறந்துவந்த தாது இச்சேற்றில் விழுந்து, அவ்வாண்டின் படிவோடு புதைந்துவிடுகிறது. அடியில் பழையது, மேலே புதியது; ஏட்டுச்சுவடியைக் கீழிருந்து மேலாகப் படிப்பதுபோல் படிக்கலாம்.

இங்ஙனம் படிக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர் சுவீடன் நாட்டு நிலவியலார் லென்னார்ட் வான் போஸ்ட். 1916-இல், இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் எந்த மரத்தின் மகரந்தம் நூற்றுக்கு எத்தனை என்று எண்ணிக் கணக்கிட்டால் காடுகளின் வரலாறு தெரியும் என்று நிறுவினார். அவருக்குப் பின் அந்நாட்டு குன்னார் எர்ட்மன் இத்துறையை உலகெங்கும் பரப்பினார். 1944-இல் ஹைட், வில்லியம்ஸ் என்ற இரு பிரிட்டானியர், தூவுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பேலினாலஜி என்ற பெயரை ஆக்கினர். அதனை மகரந்தவியல் என்று தமிழாக்குகிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு ஒரு குறை தோன்றும்: மூலத்தில் சிதலும் அடங்கும், தமிழ்ச் சொல்லில் பூ மட்டுமே மணக்கிறது. தாதுவியல் எனலாமென்றால், நிலத்தடித் தாதுவோடு மயங்கும். வழக்கில் வந்துவிட்ட சொல்லையே கொள்வோம்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சுருங்கச் சொல்வோம். சதுப்பில் குழாயை ஆழ இறக்கிச் சேற்றுத் தூணைச் சிதையாமல் எடுப்பர். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சிறிதளவு எடுத்து, பொட்டாஷ் காரத்தில் காய்ச்சி மக்கிய பொருளை நீக்குவர். மணலையும் கண்ணாடியையும் கரைக்கவல்ல ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் மண்ணை நீக்குவர். பிறகு அசிட்டிக் அன்ஹைடிரைடு ஒன்பது பங்கும் கந்தக அமிலம் ஒரு பங்கும் கலந்த கலவையில் சூடேற்றி எஞ்சிய செல்லுலோஸை அழிப்பர். இது எர்ட்மன் வகுத்த முறை. இத்தனை சோதனைகளுக்கும் ஈடுகொடுத்து நிற்பது புறவுறை ஒன்றே. சேற்றின் வயதைக் கரி-14 என்னும் கதிரியக்கக் கரியைக் கொண்டு அறிவர்; லிப்பி என்னும் அமெரிக்க அறிஞர் 1949-இல் அளித்த கொடை அது.

இந்தியாவில் இத்துறைக்கு இடங்கொடுத்த நிலையங்களுள் இரண்டை இங்குச் சொல்லியாக வேண்டும். தொல்தாவரவியல் மேதை பீர்பால் சாஹ்னி லக்னோவில் நிறுவிய ஆய்வு நிலையத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்துக்குள் சாஹ்னி மறைந்தார். அவர்தம் துணைவியார் சாவித்திரி சாஹ்னி முன்னின்று அதனை வளர்த்தார். விஷ்ணு மித்ரே, எச். பி. குப்தா முதலிய அந்நிலையத்து அறிஞர் 1960-களிலும் 1970-களிலும் நீலகிரி, பழனிமலைச் சேறுகளை ஆராயத் தொடங்கினர்.

மற்றொன்று புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதன் மகரந்தவியல் பிரிவில் அரும்பணி ஆற்றியவர் சென்னையில் பிறந்த கணபதி தணிகைமணி. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற அவர், பனைக் குடும்பத்துத் தாவரங்களின் மகரந்தத்தை ஆராய்ந்து 1970-இல் பிரான்சின் மொம்பெலியே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். உலக மொழிகளில் மகரந்த வடிவம் பற்றி வெளிவந்த எழுத்துகளுக்கெல்லாம் அட்டவணை தொகுத்தார். ஒரு மணியைக் கண்டு இது இன்னது என்று சொல்ல வேண்டுமாயின், ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய தாவரங்களின் மகரந்தச் சேமிப்பு வேண்டும். பல்லாயிரம் கண்ணாடித் தகடுகள் கொண்ட அச்சேமிப்புக்காக உழைத்தோரில் அவர் முதன்மையானவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் அம் விமானத்தில் பயணம் செய்தோருள் அவரும் ஒருவர். அங்கே, 48-ஆம் வயதில் உயிரிழந்தார். தமிழர் நாம் நன்றியுடன் நினைத்தற்குரிய பெயர் அது. ஆயினும் நம்முள் பலரும் கேள்விப்படாத பெயர்.

இனி வழக்கின் தீர்ப்புக்கு வருவோம். உதகைக்கு அருகே சாண்டிநல்லா என்னும் சதுப்பு உளது. பாலக்காட்டு எல்லை மலைகளோடு தொடர்ந்த அதே மேட்டுநிலத்தில் அமைந்தது அது. புதுச்சேரி நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. வசந்தி அதன் சேற்று மகரந்தத்தை எண்ணி, 1988-இல் முடிவுகளை வெளியிட்டார். அச்சதுப்பில் 20,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அடுக்குகளிலேயே புல்லின் மகரந்தம் மிகுந்து கிடந்தது. சோலை மரங்களின் தாதும் உடன் இருந்தது. ஆனால் மலை முழுவதையும் சோலை மூடியிருந்த காலம் என ஒன்றைச் சுவடி காட்டவில்லை.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டையும் மாட்டையும் மனிதன் பழக்கியது உலகில் எங்குமே ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். மேய்ப்பவன் பிறப்பதற்கு முன்னமே மேய்ச்சல் நிலம் இருந்ததென்றால், அதனை ஆக்கியவன் மேய்ப்பவனாக இருத்தல் இயலாது. பிற்காலத்தில் மனிதன் வைத்த தீ சோலையின் ஓரத்தைச் சில இடங்களில் சுருக்கியிருக்கலாம். அவ்வளவில் போரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் புல்வெளியின் பிறப்பு மனிதச் செயலன்று என்ற பெரிய வினாவில் ரங்கநாதனின் பக்கமே சேறு சாய்ந்தது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பது முறையன்று. மகரந்தச் சாட்சிக்கும் குறைகள் உண்டு. முதலாவது, புல் இனங்கள் பலவாயினும் அவற்றின் மணிகள் ஏறத்தாழ ஒரே வடிவின. குளிர்ப்புல்லா, வறட்சிப்புல்லா என்று உறையைக் கண்டு சொல்வது அரிது. இக்குறையைக் கரியே தீர்த்தது. வறட்சியைத் தாங்கும் வெப்பநிலப் புற்கள், கரி-13 என்னும் சற்றுக் கனமான கரியணுவை மரங்களைக் காட்டிலும் அதிக விகிதத்தில் ஏற்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் ஆமதாபாத், லக்னோ நிலையங்களின் அறிஞரும் நீலகிரிச் சேற்றில் இவ்விகிதத்தை அளந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். உலகின் வடபகுதியைப் பெரும்பனி மூடியிருந்த, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் இம்மலைகள் வறண்டு, வெப்பநிலப் புல் ஓங்கியிருந்தது. பின்னர் பருவமழை வலுத்து, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சமடைந்தது. அதன் பின் வறட்சி மீண்டது. காலநிலைக்கேற்பப் புல்லும் சோலையும் மாறி மாறி விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன. இரு தனிச் சாட்சிகள் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் வழக்கு வலுப்பெற்றது.

இரண்டாவது குறை காற்று. புல் காற்றில் தாதைக் கொட்டுவது. ஆதலால் அதன் தாது சேற்றில் உண்மைக்கு மிகையாகத் தோன்றும். தேனீயை நம்பிப் பூக்கும் மரமோ சிக்கனமானது. அதன் தாது சேற்றை அடைவது குறைவு. போதாக்குறைக்கு, பாலக்காட்டுக் கணவாய் போன்ற வாயில்களில் வீசும் பெருங்காற்று சமவெளித் தாதையும் மேலே ஏற்றிவிடக்கூடும். எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இன்றைய புல்வெளியிலும் சோலையிலும் விழும் தாதோடு ஒப்பிட்டே ஆய்வாளர் நிறுத்துப் பார்ப்பர்.

மூன்றாவது குறை நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. சோலை மரங்களுள் இலவங்கக் குடும்பத்தைச் சார்ந்தவை ஏராளம். இக்குடும்பத்து மகரந்தத்தின் புறவுறை மிக மெல்லியது. சேற்றில் அது தங்குவதில்லை. ஆய்வுக்கூடத்து அமிலத்திலும் பிழைப்பதில்லை. காட்டில் நாற்புறமும் நின்ற மரம் சுவடியில் ஏறத்தாழ இல்லை. கவசம் உடையது பதிவாயிற்று. கவசம் இல்லாதது வாழ்ந்தும் பதிவாகவில்லை. ஆகவே, தாது இல்லை என்பதனால் மரம் இல்லை என்று முடிவு கட்டுவது பிழையாகும்.

மனித வரலாற்றைப் படிப்போர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மறையூரில் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய கல்லறைகள் பாறைமீது இன்றும் நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்பர். கல்லை அடுக்கியவர்கள் நம் கண்ணில் படுகின்றனர், அடுக்காதவர்கள் படவில்லை. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய அஞ்சுநாட்டு ஊர்களில் நெடுங்காலமாகத் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். மதுரைப் பக்கத்திலிருந்து தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு அவர்கள் மூத்த முன்னோடிகள். அவர்தம் பக்கத்து வட்டவடையிலும் காந்தளூரிலும் பேர்பெற்ற பயிர் வெள்ளைப்பூண்டு. பூண்டோ பல்லை நட்டுப் பயிராவது. வளமான தாதை உண்டாக்குவதில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத அவ்வயலைப் பற்றிச் சேறு ஏறத்தாழ ஒன்றும் சொல்லாது.

தேயிலையின் கதையும் அதுவே. 1877-இல் பூஞ்ஞார் அரசரிடமிருந்து மன்றோ என்பார் கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். பின்னர் மலைச்சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாயின. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆயிரக்கணக்கானோர் கொணரப்பட்டனர். கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, செடியைக் கவாத்து செய்து வருவதால் தேயிலை பெரும்பாலும் பூக்க விடப்படுவதில்லை; பூத்தாலும் அது பூச்சியை நம்பும் பூ. மலையின் தோற்றத்தையே மாற்றிய அச்செடி சேற்றில் விடும் தடம் மிகச் சிறிதே. அதனைக் கிள்ளிய கைகளின் தடத்தை அங்கே தேடுவது வீண். அதற்குத் தோட்டத்துப் பதிவேடு வேண்டும். முதியோர் வாய்மொழி வேண்டும். ஒரு சாட்சி மௌனமாயிருக்கும் இடத்தில் வேறொரு சாட்சியைத் தேடுவதே வரலாற்றாசிரியன் கடமை. நம் குடும்பங்கள் எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், எதன் பொருட்டுப் புறப்பட்டன என்பதை எழுதி வைக்காத நமக்கும் இது பொருந்தும்.

ஆனால் வாட்டில் மரமும் யூக்கலிப்டஸும் தம்மை நன்றாகவே பதிவு செய்துகொள்கின்றன. பதினாறு மணிக் கட்டும் முக்கோண மணியும் கீழடுக்குகளில் இருத்தல் இயலாது. அவை 19-ஆம் நூற்றாண்டுக்கு மேற்பட்ட சேற்றுக்கே உரியவை. பின்னாளில் எவரேனும் குழாய் இறக்கினால், இருபதினாயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்த புல்லின் ஆட்சி எவ்விடத்தில் இடையிடப்பட்டது என்பதை அவ்வுறைகளே காட்டிக்கொடுக்கும். பழனிமலையில் மட்டும் 1973 தொடங்கி நாற்பது ஆண்டுகளில் மலையுச்சிப் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணித்தது. மரத்தோட்டமும் வேளாண்மையும் அதற்குக் காரணம். வட்டவடை உழவர், யூக்கலிப்டஸ் வந்தபின் ஊற்றுகள் வற்றின என்று நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

மாற்றமும் தொடங்கியுள்ளது. வரையாட்டின் இருப்பிடமாகிய இரவிகுளம் 1978-இல் 97 சதுர கிலோமீட்டர் பரப்புடன் தேசியப் பூங்காவாயிற்று. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்காக 2006-இல் வட்டவடைப் பகுதியில் தனிச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த பழத்தோட்டம் என்னுமிடத்தில் வாட்டில் மரங்களை அகற்றி, உள்ளூர் மக்கள் துணையோடு மலைப்புல்லை மீண்டும் நடுகின்றனர். புல்லை நடுவதற்கென்று மரத்தை வெட்டுகிறார்களே என்று வழிப்போக்கர் வியக்கலாம். அவர்க்கு விடை சொல்லும் ஆவணம் சதுப்பின் அடியில் உள்ளது.

வெற்றிடம் என்று ஒன்றைக் கண்டவுடன் அங்கே நாம் விரும்பியதை நிரப்பத் துடிப்பது மனித இயல்பு. அரசுகளும் கழகங்களும் பள்ளிகளும் ஆண்டுதோறும் மரம் நடு விழா எடுக்கின்றன. நல்ல முயற்சியே. ஆயினும் எந்த இடத்தில், எந்த மரம், அங்கே முன்பு என்ன இருந்தது என்ற மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே மண்வெட்டியைக் கையில் எடுத்தல் தகும். நாம் வாழும் ஊர் தில்லியாயினும், கல்கத்தாவாயினும், நாகபுரியாயினும், அருகே ஓர் ஏரியோ சதுப்போ இருக்கும். அதன் அடிச்சேற்றிலும் அவ்வூரின் பழமை உறையிட்டு வைக்கப்பட்டிருக்கக்கூடும். அதனைத் தூர்த்து மனை போடுவதற்கு முன் படித்தறிய வேண்டியது நிரம்ப உண்டு.